நுழையாத தோட்டா

என் தம்பி ராய்ஸ் நல்லவன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நல்லவன் ஒருவன் சிரித்துக்கொண்டே செய்து வைத்த காரியத்துக்கு எந்தக் கதவைச் சாத்துவது?

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் தெற்கு மலைப்பக்கம் எங்கள் ஊர். அவனுக்கு மூத்தவள் நான், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ராய்ஸ், மாட்டுத்தீவனத்தோடு துப்பாக்கியும் விற்கும் கடையில், துப்பாக்கி மேசைக்குப் பின்னால் நிற்கிறான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா காலத்திலிருந்து இரண்டே பேச்சுதான்: ஒன்று மழை, இன்னொன்று தோட்டாவின் அளவு. மழைக்காக ஆண்கள் யாரும் சண்டை போட்டுக்கொண்டதில்லை.

ராய்ஸின் மனைவி கெண்ட்ரா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். சின்ன உடம்பு, அதைவிடச் சின்னக் கை. அவள் பார்த்துவந்த ஒரு கிழவர் போன வசந்தத்தில் இறந்துபோனார். இதயம் ஓய்ந்து எத்தனையோ மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். அவருடைய மகன் லானி மட்டும், நர்ஸ்தான் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்து அப்பாவைக் கொன்றுவிட்டாள் என்று நம்பினான். டாக்டர் இல்லை என்றார். விசாரித்தவர்களும் இல்லை என்றார்கள். லானி யார் பேச்சையும் கேட்கவில்லை. அவனுடைய பழுப்பு நிற டிரக் கெண்ட்ராவின் காருக்குப் பின்னாலேயே வர ஆரம்பித்தது. அவள் வீடு திரும்பினால், சாலையோரம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். நிற்கும், அவ்வளவுதான்.

போலீஸ்காரர் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ரோட்ல நிக்கறது குத்தம் இல்லம்மா. அவன் எதாவது செஞ்சாத்தான் நாங்க எதாவது செய்ய முடியும்."

"அவன் செஞ்சு முடிச்சப்புறம் வர்றதுக்கு நீங்க எதுக்கு? பொணவண்டி போதுமே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.  அன்று சாயங்காலம்தான் கெண்ட்ரா தனக்கு ஒரு ரிவால்வர் வேண்டும் என்றாள்.

அவள் கேட்டது ரொம்பத் தெளிவாக இருந்தது. "லேசா இருக்கணும். நர்ஸ் உடுப்புக்கு இடுப்புல வெறும் நாடாதான். கனமா எதையாவது பாக்கெட்ல போட்டா பேண்ட் முழங்காலுக்கு வந்துரும். வெளிய தெரியக் கூடாது. என் கைக்கு அடங்கணும். அவ்வளவுதான்."

இதற்கு மேல் என்ன தகவல் வேண்டும்? ஆனால் ராய்ஸும் அவன் கூட்டாளி டேலும் சோள ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே தொடங்கிவிட்டார்கள்.

"மேக்னம் வாங்கணும்," என்றான் ராய்ஸ். "சுட்டா விழணும். விழுந்தா எந்திரிக்கக் கூடாது."

"முப்பத்தெட்டு போதும்டா. சின்னக் குழல்ல மேக்னம் மருந்து பாதி வெளியதான் எரியும்," என்றான் டேல். இரண்டும் ஒரே பருமன் தோட்டாதான்; மேக்னம் கொஞ்சம் நீளம், வெடிமருந்தும் அதிகம்.

"மேக்னம் துப்பாக்கில முப்பத்தெட்டும் போடலாம். முப்பத்தெட்டுல மேக்னம் போட முடியுமா? அப்ப எது லாபம்? ஒண்ணு வாங்கினா ரெண்டு வாங்கின மாதிரி."

"முப்பத்திரண்டுன்னு ஒண்ணு இருக்காமே," என்று கெண்ட்ரா கழுவுதொட்டிப் பக்கமிருந்து கேட்டாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். "அது எலிக்கு," என்றான் ராய்ஸ். "லானி எலி இல்ல கண்ணு."

"உதை எப்படி இருக்கும்?"

"பழகிடும்."

துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது பின்னால் வரும் உதை அவ்வளவு கனம். கனமான துப்பாக்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசானது அப்படியே கையில் தள்ளிவிடும். இது ராய்ஸுக்குத் தெரியாதா? அந்த மேசைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்வதே அவன் தொழில். ஆனால் தன் பெண்டாட்டிக்குச் சிறியதை வாங்கிக் கொடுத்தான் என்று கடையில் நாலு பேர் பேசினால் மானம் போய்விடுமே. வெள்ளிக்கிழமை ஒரு மேக்னம் வந்துவிட்டது. கோழி முட்டை ஆறைத் தட்டில் வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் கனம். ஐந்து தோட்டா.

மறுநாள் களஞ்சியத்துக்குப் பின்னால், மண்மேட்டுக்கு முன்னால் ஒரு பழைய தகரத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ராய்ஸ்தான் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தான்.

"எல்லாம் முப்பத்தெட்டு. லேசானது. பயப்படாம சுடு."

முதல் தோட்டா தட்டில் பட்டது. கெண்ட்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வாரமாக அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்க்கவில்லை. இரண்டாவதும் பட்டது. தோளை நிமிர்த்திக்கொண்டாள். மூன்றாவதுக்கு விசையை இழுத்தாள்.

சத்தமே வேறாக இருந்தது. துப்பாக்கி அவள் கையோடு பின்னால் எகிறி, புருவத்துக்கு மேல் அடித்தது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. அவள் அழுதது வலியால் என்று அவர்கள் நினைத்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். டேல் ஃபோனை நீட்டிப் பிடித்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு தோட்டாவுக்கும் அவன் ஃபோன் பாக்கெட்டில் இருந்தது. மூன்றாவதுக்கு மட்டும் வெளியே வந்திருந்தது.

"நடுவுல ஒரு மேக்னம் போட்டிருந்தியா?" என்றேன் ராய்ஸிடம்.

"சும்மா ஒரு தமாஷ்தான்க்கா. எல்லாருமே இப்படித்தான் கத்துக்கிட்டோம். அப்பா எனக்குச் செய்யலையா? உனக்குச் செய்யலையா?"

"நம்மள யாரும் டிரக்ல தொரத்தலையேடா நாயே."

ராய்ஸ் சொன்னதும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சொல்லாமல் ஒரு முரட்டுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்து அவர்கள் அலறுவதைப் பார்ப்பது. பிறகு எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். பட்டவளும் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் அவளுக்கு விளையாட்டுத் தெரியவில்லை என்பார்கள். எனக்கு அப்பா செய்தபோது நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு கெண்ட்ரா வேலைக்குப் போனாள். லானியின் டிரக் பின்னாலேயே போனது.

அதற்குப் பிறகு அவளால் சுட முடியவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவந்து, தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கியைக் கொடுத்தேன். விசை நகர்வதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது. கை தானாகக் கீழே இறங்கியது. தோட்டா இல்லை என்று, அதைப் போடும் உருளையைத் திறந்து காட்டினேன், விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். மறுபடி அதேதான்.

"எது வரும்னு தெரியலக்கா," என்றாள். "கைக்குத் தெரியல. கை என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

கண்ணை மூடிக்கொள்கிற ஆளிடம் துப்பாக்கி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். இல்லாமல் இருப்பதாவது நேர்மை. லானி ஒருநாள் அந்த டிரக்கை விட்டு இறங்கி வந்தால் இவள் என்ன செய்வாள்? எனக்கு வேறு எந்த நினைப்பும் ஓடவில்லை. பஸ் ஓட்டும்போதும் அதே நினைப்புத்தான்.

இது போதாதென்று டேல் அந்த வீடியோவை இணையத்தில் போட்டான். ராய்ஸ் அதை எடுத்துத் தன் பக்கத்திலும் போட்டான். ஊரே சிரித்தது. அவள் அழுவதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளோடு கைகுலுக்குகிறவர்களும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே லானி எழுதியிருந்தான்: "நல்லா பழகிக்கோ நர்ஸம்மா."

நான் ராய்ஸின் கடைக்கே போய், வாங்க வந்தவர்கள் நிற்கும்போதே அந்த ஃபோனை அவன் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"படி. வாய் விட்டுப் படி."

படித்தான். முகம் சுண்டிப்போனது. "அவன் பாப்பான்னு நான் கனவா கண்டேன்?"

"உன் பொண்டாட்டிக்குச் சுட வராதுன்னு ஒருத்தனுக்கு மட்டும் தெரியக் கூடாது. அந்த ஒருத்தனுக்கு நீயே படம் புடிச்சுக் காட்டிட்ட. வேலியே பயிரை மேஞ்சா நாங்க யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"எடுத்துட்றேன்க்கா. இப்பவே எடுத்துட்றேன்."

எடுத்தான். என்ன பிரயோஜனம்? மறுநாள் லானியின் டிரக் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. வீட்டுக்கு வரும் சரளைப் பாதையில் பாதி தூரம் உள்ளே வந்து நின்றிருந்தது. போலீஸ்காரரைக் கூப்பிட்டதும் பின்வாங்கிப் போய்விட்டது. இனி உள்ளே வந்தால் கைது என்று லானிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படிக்கிற ஆளாக இருந்தால் அவன் ஏன் வருகிறான்?

கெண்ட்ராவே ஒருநாள் என் வாசலில் கார் சாவியோடு வந்து நின்றாள்.

"வேற துப்பாக்கி பாக்கணும்க்கா. ராய்ஸ் கடைல இல்ல. தூரமா எங்கயாவது."

இரண்டு ஊர் தள்ளி ஒரு கடைக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் அவளைப் பார்த்ததும் ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்.

"லேடீஸ் எல்லாம் இதத்தான் விரும்புவாங்க."

"கலர் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றேன். "அவ கேக்கறத எடுத்துக் காட்டு."

கெண்ட்ரா கேட்டது அவனுக்கு மட்டும் அல்ல, எனக்கும் புதிராக இருந்தது. பயிற்சிக்கு வைத்திருக்கும் பொய்த் தோட்டா வேண்டும், மேக்னம் அளவில் ஒன்று என்றாள். பிளாஸ்டிக்கில் செய்த, மருந்தில்லாத தோட்டா. அவன் எடுத்துக் கொடுத்தான். மேசையில் இருந்த ஒவ்வொரு ரிவால்வரிலும் அவள் அதை நுழைத்துப் பார்த்தாள். கையில் பிடித்துப் பார்க்கவில்லை, குறி வைத்துப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. உருளையைத் திறப்பாள், அந்தப் பிளாஸ்டிக்கை வைத்து அழுத்துவாள், மூடிப் பார்ப்பாள், தள்ளி வைப்பாள்.

முப்பத்தெட்டில் முக்கால்வாசி போய் நின்றது. உருளை மூடவில்லை. சரி, இதுதான் என்று நான் நினைத்தேன். அவள் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பத்தெட்டுலயே மருந்து ஜாஸ்தி போட்டது இருக்குல்ல? பாக்கறதுக்கு அதே மாதிரி இருக்குமே, அது இதுல போகுமா?"

"ஓ, தாராளமா போகும்."

"அப்ப இது வேணாம்."

முப்பத்திரண்டை எடுத்தாள். அந்தப் பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினாள். மூக்கு நுனியோடு நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினாள். கட்டைவிரல் நகம் வெளுத்தது. அது அசையவில்லை.

"இதுல இதுக்குன்னு இருக்கறதவிடப் பெருசு எதாவது போகுமா?"

"சின்னது போகும். பெருசு போகாது."

"யார் போட்டாலும்?"

அந்த ஆள் என்னைப் பார்த்தான். "யார் போட்டாலும் போகாதும்மா. ஆனா உண்மையச் சொல்லணும்னா, இது கொஞ்சம் சின்ன..."

"எனக்குத் தெரியும் எவ்ளோ சின்னதுன்னு," என்றாள் கெண்ட்ரா. "இதையே குடு."

 ஊரில் உள்ள ஆண்கள் எதிரியை எது விழ வைக்கும் என்று பார்த்துத் துப்பாக்கி வாங்குகிறார்கள். இவள் தன் புருஷனின் கை எதில் நுழையாது என்று பார்த்து வாங்கினாள். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன்; ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் என் விரல் மரத்துப்போயிருந்தது.

ராய்ஸ் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இத வச்சு எலிதான் சுடலாம். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே," என்றாள் அவள். "உதை எப்படி இருக்கும்னு."

அதற்குப் பிறகு என் வீட்டு மேய்ச்சல் நிலத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். முதல் நாள் அவள் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்து, தானே போட்டு, ஒன்று சுட்டுவிட்டு உருளையைத் திறந்து பார்த்தாள்.  கண் மூடியது. மறுநாளும் மூடியது. ஒருநாள் பாதி மூடித் திறந்தது. ஆறு தோட்டாவையும் சேர்த்துப் போடும் தைரியம் வர இலை பழுக்கும் காலம் ஆகிவிட்டது. அதற்குள் கை அவள் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருந்தது. தகரத் தட்டு ஒரே இடத்தில் பொத்தலாகிக் கிழிந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் வந்து நின்று ஃபோனை எடுத்தான்.

"இதப் போடலாமே. இதையும் எல்லாரும் பாக்கட்டும்."

"வேணாம்," என்றாள் கெண்ட்ரா, திரும்பிப் பார்க்காமல். "லானி பாத்ததே அவனுக்குப் போதும்."

அக்டோபரில் ஒரு மத்தியானம் லானி வந்தான். பஸ்ஸை எடுக்க எனக்கு இன்னும் நேரம் இருந்தது. ராய்ஸ் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து நானும் கெண்ட்ராவும் கறுப்பு வால்நட் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கையெல்லாம் கறை. டிரக் சரளைப் பாதையில் பாதியில் நிற்கவில்லை. முழுதும் வந்து, முற்றத்தில் நின்றது. அவன் இறங்கினான். பெரிய ஆள். குடித்திருந்தான் என்று நினைத்தேன். கிட்டே வந்தபோது குடிக்கவில்லை என்று தெரிந்தது. அது இன்னும் மோசம்.

நான் ஃபோனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டேன். அவன் அதைச் சட்டை செய்யவே இல்லை.

"லானி, அங்கயே நில்லு," என்றாள் கெண்ட்ரா. எழுந்து நின்றிருந்தாள். கை ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தது.

"எடு பாக்கலாம்," என்றான் அவன். "வீடியோ நூறு தடவ பாத்திருப்பேன். நெத்தில இன்னொரு தையல் போட்டுக்கணுமா?"

"உங்கப்பாவ நான் கொல்லல. கடைசி ராத்திரி அவர் கையப் புடிச்சுக்கிட்டு நான்தான் உக்காந்திருந்தேன். நீ இல்ல."

அவன் முகம் கோணியது. நேராகப் படியை நோக்கி வந்தான். கெண்ட்ரா எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள், கறை படிந்த அந்தச் சின்னக் கைகளால். நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத்தான் பார்த்தேன். மூடவில்லை.

அவனும் அதைத்தான் பார்த்தான். முதல் படியில் வைத்த கால் அங்கேயே நின்றது.  டிரக் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன நம்பர் அது?" என்றான் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முப்பத்திரண்டு."

"அது எலிக்கு," என்றான்.

"சரி," என்றாள் கெண்ட்ரா. "அடுத்த படி ஏறு."

ஏறவில்லை. சிரிக்க முயன்றான், அதுவும் வரவில்லை. காலை எடுத்தான். பின்புறமாகவே நடந்து டிரக்கில் ஏறினான். சாலை முனையிலேயே போலீஸ்காரர் அவனை மடக்கினார். எழுதிக் கொடுத்ததை மீறி உள்ளே வந்துவிட்டான் அல்லவா, இப்போது அவர்களால் ஏதோ செய்ய முடிந்தது. அவனைக் கைவிலங்கோடு ஏற்றுவதை இங்கிருந்தே பார்த்தோம். கெண்ட்ரா துப்பாக்கியைப் பாக்கெட்டில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். 

ராய்ஸ் கடையிலிருந்து பறந்து வந்தான். காரை நிறுத்தக்கூட இல்லை, கதவைத் திறந்துபோட்டு ஓடிவந்தான். அழுதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். என்ன நடந்தது, என்ன சொன்னான் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அது எலிக்குன்னான்," என்றேன். "உன் வார்த்த. ஒரு எழுத்து மாறல. நீ பெத்த புள்ள மாதிரி பேசினான்."

ராய்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.  அவனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவன் முட்டாள் இல்லை. முட்டாளாக இருந்திருந்தால் மன்னிப்பது சுலபம்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது செய்தாக வேண்டுமே என்பதுபோல், கையை நீட்டினான்.

"குடு கண்ணு. பாக்கெட் தூசி போயிருக்கும். நான் தொடச்சு, தோட்டாவ எல்லாம் மாத்திப் போட்டுக் குடுக்கறேன்."

கெண்ட்ரா எழுந்து ஒரு படி மேலே போனாள். கை மறுபடி பாக்கெட்டுக்குள் போயிருந்தது. எடுக்கவில்லை. உள்ளேயே வைத்திருந்தாள். கண்ணை இமைக்காமல் அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். சற்று முன் லானியின் காலைப் பார்த்த அதே பார்வை.

"நான் போட்டுக்கறேன்," என்றாள்.

ராய்ஸ் கையைக் கீழே இறக்க வெகுநேரம் ஆனது. நான் மீதி வால்நட்டுகளை வாளியில் அள்ளிப் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.